‘நாற்றம்’: இழிபொருட்பேறா, பொருட்சுருக்கமா?

சொற்பொருள் மாற்றம் கற்பிக்கப்படும் இடங்களில் ‘இழிபொருட்பேறு’ என்னும் தலைப்பின்கீழ்த் தவறாமல் காட்டப்படும் சொல் ‘நாற்றம்’. பண்டு நறுமணத்தைக் குறித்த இச்சொல் இன்று தீயமணத்தைக் குறிக்கிறது என்பதே வழக்கமான விளக்கம். தேர்வு விடைகளிலும் அது நிலைபெற்றுவிட்டது. இலக்கியச் சான்றுகளோ இவ்விளக்கத்திற்கு இடந்தரவில்லை.

நற்றிணை 45ஆம் பாடலில் நெய்தல்நிலத் தோழி, தேரில் வந்த தலைவனை விலகி நிற்கச் சொல்கிறாள். மீன் உணக்கும் தம்மேல் புலால் வீசுவதை ‘நாறு’ என்னும் வினையாலேயே அவள் உணர்த்துகிறாள். நூற்றாண்டுகள் கழித்து ஆண்டாள், கருப்பூர மணத்தையும் தாமரைப்பூ மணத்தையும் பற்றி வெண்சங்கிடம் வினவும்போதும் ஆள்வது அதே வினையைத்தான். மணம் நல்லதா தீயதா என்பதை உடன்வரும் பெயரே முடிவு செய்கிறது. ஐம்புல நுகர்ச்சிகளுள் ஒன்றாக நாற்றத்தை எண்ணும் 27ஆம் குறளில் நன்மை, தீமை என்னும் பேச்சே எழவில்லை. 1274ஆம் குறளில் அது நறுமணமாவது மொட்டு உடனிருப்பதனால்தான். இத்தகைய இடங்களை மட்டும் திரட்டி ‘நறுமணம்’ என முதற்பொருள் வரைந்தது, சூழலின் பொருளைச் சொல்லின் பொருளாகக் கொண்ட பிழையாகும்.

‘துர்நாற்றம்’ என்னும் தொடர்ச்சொல்லும் இங்குக் கருதத்தக்கது. தன்னளவிலேயே தீயமணத்தைக் குறித்த சொல்லுக்குத் ‘துர்’ என்னும் முன்னொட்டு வேண்டியதில்லை. இன்றைய செவிக்கு அது மிகையாகத் தோன்றுமாயினும், அமைந்தபோது நாற்றம் பொதுச்சொல்லாக இருந்தமைக்கு அம்மிகையே தடயம். எனவே நிகழ்ந்தது பொதுப்பொருள் ஒரு பக்கமாகச் சுருங்கியமையே. இழிவு அச்சுருக்கத்தின் விளைவு.

சுருக்கம் ஏன் தீய பக்கமாக அமைந்தது என்பதே கடினமான வினா. ‘மணம்’, ‘வாசனை’ ஆகியவை நல்ல பக்கத்தைப் பற்றிக்கொள்ள, எஞ்சியது ‘நாற்றத்திற்கு’ வாய்த்தது என்னும் விடை தமிழளவில் பொருந்துவதுபோல் தோன்றும். மலையாளத்தை நோக்கின் அவ்விடை தளர்கிறது. அங்கு ‘மணம்’ இன்றும் பொதுச்சொல்லாகவே வழங்குகிறது. ஆயினும் ‘நாற்றம்’ தீயமணமே. கன்னடத்திலும் ‘நாரு’ என்னும் வினையும் ‘நாத’ என்னும் பெயரும் இன்று தீயமணத்தையே சுட்டுகின்றன. மூன்று மொழிகளும் தனித்தனியே இத்திசையில் நகர்ந்தனவா, அன்றிப் பேச்சுவழக்கில் இச்சாய்வு பழமையானதாக இருந்து செய்யுள்வழக்கு மட்டும் பொதுப்பொருளைக் காத்து நின்றதா என்பது, தமிழ்ச் சான்றுகளை மட்டும் கொண்டு தீர்க்கக்கூடியதன்று.