வைக்க ஒரு ரேட், எடுக்க ஒரு ரேட்

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறார்கள். புத்தகத்துக்கு எழுதுகிறார்கள். ஓட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறார்கள். விலைப்பட்டியலுக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. இந்த வாரம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பி.காம். படித்தவனுக்கு இதைவிட ருசியான இலக்கியம் கிடையாது, சார்.

பட்டியலுக்குப் போகுமுன் ஒரு தீ விபத்தைப் பார்த்துவிடுவோம்.

2025 செப்டம்பர் 26, இரவு. தென் கொரியாவின் தேஜான் நகரில் இருக்கும் அரசாங்க டேட்டா சென்டர். யு.பி.எஸ். லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒன்று பற்றிக்கொண்டது. அணைத்து முடிக்க ஏறக்குறைய 22 மணி நேரம். நூற்றுக்கணக்கான அரசு சேவைகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. பெரும்பாலானவை பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்தன. ஜி-டிரைவ் என்கிற ஒன்று மட்டும் எழவே இல்லை.

ஜி-டிரைவ் என்பது அரசு ஊழியர்களுக்கான க்ளவுட் பீரோ. தலைக்கு 30 ஜி.பி. இடம். சுமார் ஏழரை லட்சம் பேருக்கு உரிமை உண்டு; நிஜமாகப் பயன்படுத்தியவர்கள் ஒன்றேகால் லட்சம் பேர். மொத்தச் சரக்கு 858 டெராபைட். பணியாளர் நிர்வாக அமைச்சகத்தில், 'சொந்தக் கம்ப்யூட்டரில் எதையும் வைக்காதே, எல்லாம் ஜி-டிரைவில்தான்' என்று விதியே இருந்தது. ஆக, சொன்ன பேச்சைக் கேட்டவர்களுக்குத்தான் பலத்த அடி. மேலிடம் ஒப்புதல் கொடுத்த இறுதி ஆவணங்கள் வேறொரு சிஸ்டத்தில் இருந்ததால் தப்பின. வரைவுகள், குறிப்புகள், கணக்குத் தாள்கள் என்று 2018-லிருந்து சேர்ந்த வேலை, போயே போச்சு.

பேக்கப்? கிடையாது. காரணம் என்ன தெரியுமா? கொள்ளளவு ரொம்பப் பெரியது, அதனால் வெளியே பிரதி எடுக்கவில்லை என்றார்கள்.

அப்படியா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

நான் விமர்சிக்க எடுத்திருக்கும் விலைப்பட்டியல் அமேசானுடையது. 2012-ல் 'கிளேசியர்', அதாவது பனிப்பாறை என்று பெயர் வைத்து ஒரு சேவை ஆரம்பித்தார்கள். தினமும் தேவைப்படாத, ஆனால் தூக்கிப் போடவும் முடியாத டேட்டாவுக்கான இடம். நம் வீட்டுப் பரண் மாதிரி. 2019-ல் அதையும்விட ஆழமான பரண் ஒன்று வந்தது: டீப் ஆர்க்கைவ். அமெரிக்க ரேட்டில் ஒரு ஜி.பி.க்கு மாதம் 0.00099 டாலர். அதே கம்பெனியின் சாதாரண அலமாரியில் வைத்தால் 0.023 டாலர். சுமார் இருபத்து மூன்று மடங்கு வித்தியாசம்.

858 டெராபைட்டை இந்தப் பரணில் ஏற்றினால் மாத வாடகை ஏறக்குறைய 850 டாலர். நம் காசில் முக்கால் லட்சத்தை ஒட்டிய தொகை.

'அரசாங்க ரகசியத்தை அமெரிக்கக் கம்பெனியிடம் கொடுக்க முடியுமா?' என்று கேட்பீர்கள். நியாயம். கொடுக்க வேண்டாம். எல்.டி.ஓ.-9 என்று ஒரு டேப் இருக்கிறது. ஒரு கேட்ரிட்ஜில் 18 டெராபைட் கொள்ளும். 858-ஐ 18-ஆல் வகுங்கள். நாற்பத்தெட்டு கேட்ரிட்ஜ்! ஒரு சின்ன அலமாரி போதும். டிரைவ், ஆள், பராமரிப்பு எல்லாம் சேர்த்தாலும் ஓர் அரசாங்கத்துக்கு இது செலவே இல்லை. எட்டு வருஷ உழைப்பை வேறு ஊருக்குக் கொண்டுபோக ஒரு கார் டிக்கி போதுமானதாக இருந்திருக்கும்.

ஆகவே 'பெரிசு' என்பது பதில் ஆகாது. கொள்ளளவைப் பார்த்து பயந்தார்களே தவிர, விலையை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

சரி, வைப்பதற்கு இவ்வளவு மலிவு என்றால் விமர்சனத்துக்கு என்ன வேலை? இருக்கிறது. பட்டியலின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டுங்கள்.

பரணில் ஏற்றியதை இறக்க வேண்டும் என்றால் காத்திருக்க வேண்டும். கொஞ்சம் அதிகக் காசு கொடுத்தால் 12 மணி நேரத்துக்குள். மலிவு வழி என்றால் 48 மணி நேரம்வரை. இதில் எனக்குப் புகார் இல்லை. முன்கூட்டியே சொல்லித்தான் விற்கிறார்கள். 180 நாளுக்கு முன்பு அழித்தாலும் 180 நாள் வாடகை உண்டு என்பதும் பட்டியலிலேயே இருக்கிறது. வீட்டு ஓனர்கள் கேட்காததா?

புகார் அடுத்த வரியில். டேட்டாவை உள்ளே அனுப்பினால், அனுப்பியதற்கான கட்டணம் பூஜ்யம். இன்டர்நெட் வழியாக வெளியே எடுத்தால், மாதம் 100 ஜி.பி. இலவசத்துக்குப் பிறகு ஜி.பி.க்கு 9 சென்ட். மொத்தமாக எடுத்தால் படிப்படியாகக் குறைந்து 5 சென்ட்வரை வரும். உள்ளே போனதும் அதே கம்பிதான், வெளியே வருவதும் அதே கம்பிதான். கம்பிக்குத் தெரியாத வித்தியாசம் பில்லுக்குத் தெரிகிறது.

நம் வீட்டுக் கணக்கிலேயே பார்ப்போம். கல்யாண வீடியோ, குழந்தைகளின் போட்டோ, அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து ஒரு டெராபைட். மாத வாடகை ஒரு டாலர். வீட்டுக் கம்ப்யூட்டர் புகைந்துவிட்டது, மொத்தத்தையும் ஒரே மாதத்தில் எடுக்கிறீர்கள். இறக்கு கூலி இரண்டரை டாலர், வெளியேற்றும் கூலி 81 டாலர். ஏழு வருஷ வாடகை ஒரே பில்லில்! (பொறுமைசாலிகள் மாதம் 100 ஜி.பி.யாகப் பத்து மாதத்தில் இறக்கினால் இந்த 81 டாலர் மிச்சம். பட்டியலைப் படிப்பவனுக்குத்தான் இந்த லாபம்.)

கொரியக் கணக்கை அதே ரேட்டில் போட்டால், 850 டாலர் மாத வாடகைச் சரக்கை ஒருமுறை வெளியே எடுக்கச் சுமார் 49,000 டாலர் ஆகும். கிட்டத்தட்ட ஐந்து வருஷ வாடகை.

இன்னொரு நுணுக்கம். ஏற்றும்போது எண்ணிக்கைக்கும் காசு. ஆயிரம் கோப்புக்கு 5 சென்ட். அற்பம்தானே என்று தோன்றும். ஒரு கோடி சின்னச் சின்ன பில்களைத் தனித்தனியாக ஏற்றினால் 500 டாலர். தவிர, ஒவ்வொரு கோப்புக்கும் விலாசச் சீட்டு மாதிரி 40 கிலோபைட் கூடுதலாக வாடகையில் சேரும். 10 கிலோபைட் பில்லுக்கு 40 கிலோபைட் சீட்டு! சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். சின்னக் கோப்புகளை மூட்டையாகக் கட்டி ஏற்றவேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

இந்த வெளியேற்றும் கூலியைப் பற்றி உலகம் முழுக்க முணுமுணுப்பு எழுந்தது. 2024 ஜனவரியில் கூகுளும் மார்ச்சில் அமேசானும் 'எங்களை விட்டே போகிறவர்களிடம் இந்தக் காசு வாங்கமாட்டோம்' என்று அறிவித்தன. ஐரோப்பிய யூனியனின் டேட்டா சட்டம், கம்பெனி மாறுகிறவர்களிடம் 2027 ஜனவரி 12 முதல் மாற்றுக் கட்டணமே கூடாது என்கிறது. நல்ல விஷயம். ஆனால் கவனியுங்கள்: கோபித்துக்கொண்டு போகிறவனுக்குச் சலுகை, வீடு எரிந்து தன் பொருளைத் திரும்பக் கேட்கிறவனுக்கு மீட்டர் ஓடும். என்ன நியாயமோ!

பட்டியலில் கொட்டை எழுத்தில் இன்னொன்று இருக்கும்: 99.999999999 சதவிகிதம் பத்திரம். பதினொரு ஒன்பதுகள். பொய் இல்லை. டிஸ்க் கெட்டுப்போய் டேட்டா தொலையாது என்பதற்கான உறுதி அது. நீங்களே அழித்துவிட்டால்? பாஸ்வேர்டைத் திருடியவன் அழித்தால்? கணக்கே மூடப்பட்டால்? அந்த ஒன்பதுகளுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் அதுதான் நடந்தது. யூனிசூப்பர் என்கிற ஓய்வூதிய நிதி. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். கூகுள் தரப்பில் ஒரு செட்டிங்கில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதால், ஒரு வருஷம் கழித்து அவர்களின் க்ளவுட் அமைப்பு தானாகவே அழிந்தது. உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. ஆனால் மீண்டார்கள். வேறொரு கம்பெனியிடமும் ஒரு பிரதி வைத்திருந்தது கைகொடுத்தது. வாடகை இரண்டு இடத்தில் கொடுத்திருப்பார்கள். ஆடிட்டர் யாராவது 'இது எதற்கு டபுள் செலவு?' என்று கேட்டிருந்தால் அந்த வாரம் வாயை மூடிக்கொண்டிருப்பார்.

பிரதி இருந்தால் மட்டும் போதுமா? அமெரிக்காவின் கிட்லேப் கம்பெனியைக் கேளுங்கள். 2017 ஜனவரி 31 ராத்திரி, களைத்துப்போன ஓர் இன்ஜினீயர் தவறான சர்வரில் அழிப்பு உத்தரவைத் தட்டிவிட்டார். சுமார் 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி. மட்டும் மிச்சம். பதறிப்போய் பேக்கப்பைத் தேடினால், ஐந்து விதமான ஏற்பாட்டில் எதுவுமே ஒழுங்காக வேலை செய்யவில்லை. க்ளவுடில் பிரதி இருக்கவேண்டிய பெட்டி காலி! வெர்ஷன் பொருந்தாமல் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயில்களும் போய்ச் சேரவில்லை. யாரோ ஒருவர் சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்துவைத்த பிரதிதான் காப்பாற்றியது. பிறகு அவர்கள் எதையும் மறைக்காமல் ஊருக்கே சொன்னார்கள் பாருங்கள், அதற்கு ஒரு சபாஷ்.

இந்த இரண்டு கதைகளிலிருந்தும் எனக்குக் கிடைத்த கணக்கு இது. பேக்கப்புக்கு விலை கேட்கும்போது நாம் 'வைக்க என்ன ஆகும்?' என்று கேட்கிறோம். கேட்கவேண்டியது 'எடுக்க என்ன ஆகும்?' காசிலும், நேரத்திலும். அந்தக் கேள்வியில் ஆரம்பித்தால் மற்றதெல்லாம் தானாக அமையும். நாளைக் காலையே வேண்டிய டேட்டா எது? அதைப் பரணில் ஏற்றக்கூடாது. வாடகை கூடினாலும் கைக்கெட்டும் இடத்தில் வை. இரண்டு நாள் பொறுக்கக்கூடியது எது? அது பரணுக்கு. எத்தனை வருஷத்துக்கு? நம் கம்பெனிகள் சட்டம் கணக்குப் புத்தகங்களை எட்டு வருஷம் வைக்கச் சொல்கிறது. வழக்கு, விசாரணை எதுவும் இல்லையென்றால் அதற்குப் பிறகு எதற்கு வாடகை? எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைப்பது திட்டமல்ல, சோம்பேறித்தனம்.

ஒரு பிரதி வேறு ஊரில், முடிந்தால் வேறு முதலாளியிடம். ஒன்று, வலையில் தொடர்பே இல்லாமல். 2011 பிப்ரவரியில் ஒரு சாஃப்ட்வேர் கோளாறால் கொஞ்சம் பேரின் ஜிமெயில் பெட்டிகள் காலியானபோது, பல இடத்தில் இருந்த ஆன்லைன் பிரதிகளும் சேர்ந்தே போயின. கூகுளையே காப்பாற்றியது, கேலி செய்யப்படும் அந்தப் பழைய டேப்தான்.

கடைசியாக, வருஷத்துக்கு ஒருமுறையாவது கொஞ்சம் டேட்டாவை நிஜமாகவே இறக்கித் திறந்து பார்க்கவேண்டும். அந்தச் செலவையும் பட்ஜெட்டில் முதலிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் செய்யமாட்டீர்கள். செய்யாவிட்டால், இத்தனை வருஷம் வாடகை கொடுத்தது காலிப் பெட்டிக்கா என்பது தீப்பிடித்த அன்றைக்குத்தான் தெரியும்.

விமர்சனம் என்றால் மார்க் போடவேண்டுமே? அமேசான் பட்டியலுக்கு வைப்பதில் நூற்றுக்கு 80. எடுப்பதில் 35. தேஜான் அதிகாரிகளுக்கு மார்க் போடலாம் என்றால், அவர்களின் பரீட்சைத் தாளே எரிந்துவிட்டது.