ஒரு நடிகர், ஒரு கவிஞர், மேடைக்கு வராத ஜனாதிபதி

தனி நடிப்பு நாடகம் என்றால் நடிகருடைய ஞாபக சக்தியையும் மூச்சுக் கட்டுப்பாட்டையும் வியந்துவிட்டு வீடு திரும்புவதே நம் ரசிகர்களின் வழக்கம். ஆனால் மேடையில் நிற்கும் பாத்திரம் ஓர் எழுத்தாளனாக அமைந்துவிட்டால், நடிகர் சந்திக்க வேண்டிய பரீட்சை இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்டது. ஏனெனில், எழுதுவது என்பது கண்ணுக்குப் புலப்படும் செய்கையே அன்று. வாளெடுத்தவனைப் பார்க்கலாம், அழுகிறவனைப் பார்க்கலாம். குனிந்து உட்கார்ந்து டைப்ரைட்டரைத் தட்டிக்கொண்டிருக்கும் ஒரு மனிதனை எத்தனை நிமிஷம் பார்த்துக்கொண்டிருப்பது? கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் ஆபிரகாம் லிங்கனின் வரலாற்றை எழுதிய கதையை ஒற்றை நடிகரைக் கொண்டு மேடையேற்ற முனைகிற எவரும் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான்.

அடுத்த சங்கடம், பாத்திரம் யாரிடம் பேசுகிறது என்பது. இந்தக் கேள்விக்கு அமெரிக்க மேடை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடை கண்டிருக்கிறது. 1954இல் தொடங்கி 2017 வரை மார்க் ட்வெய்னாக வேடமிட்ட ஹால் ஹோல்புரூக்குக்கு இது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. ட்வெய்ன் ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்தவராதலால், சபையோர் சபையோராகவே அமர்ந்திருந்தால் போதுமானது. 1976இல் எமிலி டிக்கின்ஸனாக வந்த ஜூலி ஹாரிஸுக்கோ, வீட்டை விட்டு வெளியேறாத ஒரு கவிதாயினியை ஊராருடன் பேசவைக்க வேண்டியிருந்தது; தாம் செய்த கேக்கின் பக்குவத்தை விருந்தாளியிடம் விவரிக்கும் பாவனையில் அவர் சபையைத் தம் வீட்டுக் கூடத்துக்குள் அழைத்துக்கொண்டார். ஜனாதிபதி ட்ரூமனாக நடித்த ஜேம்ஸ் விட்மோர், அந்த மேடை நிகழ்ச்சியை அப்படியே படமெடுத்தபோது சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் போட்டிப் பட்டியலிலும் இடம்பெற்றார். படத்தின் நடிகர் குழு முழுவதும் அவர் ஒருவரே என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

சாண்ட்பர்க்கை எடுத்துக்கொண்டால் மேற்பார்வைக்கு எல்லாம் சுலபமாகத் தோன்றும். அவரே ஒரு மேடைக் கலைஞர்; கவிதை வாசித்து, லிங்கனைப் பற்றிப் பேசி, கடைசியில் கிதாரை எடுத்து நாடோடிப் பாடல்களைப் பாடுவது அவருடைய கச்சேரி முறை. வழிநெடுகத் திரட்டிய பாடல்களை 1927இல் ஒரு பெரிய தொகுதியாகவும் வெளியிட்டார். நெற்றியில் விழும் நரைமுடி, சொற்களை இழுத்து நிறுத்திப் பேசும் கனத்த குரல், கிதார் — சுமாரான நடிகருக்குக்கூட இவை கைகொடுக்கும். ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. பாட்டுக்குக் கைதட்டல் கிடைத்த மாத்திரத்தில் நாடகம் கச்சேரியாகிவிடுகிறது. அப்புறம் சரித்திரம் எழுத வந்த மனிதரை யாரும் தேடுவதில்லை. கிதாரை முதல் அரை மணி நேரத்துக்குச் சுவரில் மாட்டியே வைத்திருக்கும் இயக்குநரை நான் நம்புவேன்.

உண்மையில் அந்த எழுத்து வேலையிலேயே மேடைக்கு வேண்டிய பொருள் ஏராளமாக இருக்கிறது. இளைஞர்களுக்காக லிங்கனைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதித் தரலாமே என்று பதிப்பாளர் ஆல்ஃபிரட் ஹார்கோர்ட் சொன்னதில் ஆரம்பித்த காரியம், 1926இல் லிங்கனின் புல்வெளிப் பருவத்தைச் சொல்லும் இரண்டு பாகங்களாகவும், 1939இல் யுத்த ஆண்டுகளைச் சொல்லும் நான்கு பாகங்களாகவும் பெருகிற்று. பின்னது மட்டும் பத்து லட்சம் சொற்களுக்கு மேல். பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய நூல்களில் தமக்கு வேண்டிய பக்கங்களைக் கிழித்தெடுத்து உறைகளில் வகைப்படுத்திவைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. ஆரஞ்சுப் பழம் வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் டைப்ரைட்டரை வைத்து, கண்ணுக்குப் பச்சை நிற மறைப்பு அணிந்து, இரவு முழுதும் உழைத்துவிட்டுக் காலையில் தூங்குவார். புத்தகத்தைக் கிழிக்கும் அந்தச் சத்தம் ஒன்று போதும்; சபை நிமிர்ந்து உட்காரும். கிழித்த தாளை எந்த உறையில் போடுவது என்று நடிகர் தயங்கும் ஒரு கணத்தில், பத்து வரி வசனத்தில் சொல்ல முடியாத மனப்போராட்டத்தைக் காட்டிவிடலாம்.

இனி, இந்த ஆள் ஏன் அந்த ஆளைப் பற்றி எழுதினார் என்ற கேள்வி. சாண்ட்பர்க்கின் தந்தை ஸ்வீடனிலிருந்து குடியேறி ரயில்வே பட்டறையில் கொல்லருக்குக் கையாளாக உழைத்தவர், எழுதத் தெரியாதவர். லிங்கனின் தந்தையோ தட்டுத்தடுமாறித் தம் பெயரை எழுதுவதோடு நின்றவர். பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுப் பால் வண்டி ஓட்டிய சாண்ட்பர்க் வளர்ந்த ஊராகிய கேல்ஸ்பர்க்கில்தான், 1858இல் லிங்கனும் அவருடைய அரசியல் எதிராளி டக்ளஸும் நாக்ஸ் கல்லூரிக் கட்டடத்தின் முன்பு வாதமிட்டார்கள். இந்த ஒற்றுமையை வசனத்தில் விளக்கத் தேவையில்லை. பெரும்பாலும் விளக்கிக் கெடுத்துவிடுகிறார்கள்.

நாடகத்தின் உயிர்நாடி என்று நான் கருதுவது 1928ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்த சம்பவம். லிங்கனுக்கும் அவர் இளமையில் நேசித்ததாகச் சொல்லப்படும் ஆன் ரட்லெட்ஜுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து என்று சில தாள்களை ‘அட்லாண்டிக்’ மாதப் பத்திரிகை பிரசுரிக்கத் தொடங்கிற்று. 1926இல் வந்த பாகங்களில் அந்தக் காதலை உருகி உருகி வர்ணித்திருந்த சாண்ட்பர்க், கடிதங்கள் மெய்யானவை என்றே முதலில் ஒப்புக்கொண்டார். ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த சரித்திர ஆசிரியர் பால் ஆங்கிள் அவற்றின் குட்டை உடைத்தார். லிங்கன் எழுதியதாகச் சொன்ன ஒரு கடிதத்தில் நிலத்தின் நாற்பதாவது பிரிவு என்று குறிப்பிடப்பட்டிருந்தது. நில அளவையில் டவுன்ஷிப் எனப்படும் ஒரு பரப்புக்கு முப்பத்தாறு பிரிவுகளே உண்டு என்பது நில அளவையாளராக வேலை பார்த்த லிங்கனுக்குத் தெரியாதிருக்குமா? சாண்ட்பர்க் தாம் சொன்னதை வாபஸ் பெற்றார்.

கவிஞனுக்குப் பிடித்த வரிக்கும் சான்று அனுமதிக்கும் வரிக்கும் இடையிலான சண்டையே இந்த நாடகம். ஆகவே பாத்திரம் யாரிடம் பேசுகிறது என்ற பழைய கேள்விக்கும் விடை இங்கே அகப்படுகிறது: அவர் தம் வாக்கியங்களை உரக்கப் படித்துக் காதால் சோதிக்கிறார், படித்ததில் ஒன்றை அடிக்கிறார். சபைக்கு நன்றாக இருப்பதாகப் பட்ட ஒரு வரியை அவர் அடிக்கும்போது சபைக்கு வலிக்க வேண்டும். அந்த வலியை வரவழைக்க, அடிக்கப்போகும் வரியை முழு நம்பிக்கையோடு, அதில் மயங்கியவராகவே படிக்கத் தெரிந்த நடிகர் வேண்டும். முன்கூட்டியே கேலி செய்துவிடுகிறவரால் ஆகாது.

லிங்கனாகவே உருமாறி இரண்டு காட்சி நடித்துவிடும் ஆசை பல நடிகர்களுக்கு உண்டு. தொப்பியை எடுத்து வைத்தவுடன் கைதட்டல் எழும் என்பது வாஸ்தவம். ஹால் ஹோல்புரூக்கே 1974 முதல் 1976 வரை சாண்ட்பர்க்கின் நூலை ஒட்டிய தொலைக்காட்சித் தொடரில் லிங்கனாக நடித்து எம்மி விருதும் பெற்றார். அது லிங்கனின் நாடகம், அங்கே அது பொருத்தம். இங்கே லிங்கன் ஒருபோதும் வரக்கூடாது. வந்துவிட்டால் கவிஞருடைய பல வருஷப் பிரயாசைக்கு அர்த்தமில்லாது போகும்.

முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. வாழ்க்கை வரலாற்றுக்கான புலிட்ஸர் பரிசு வாஷிங்டனையும் லிங்கனையும் பற்றிய நூல்களை அக்காலத்தில் விலக்கிவைத்திருந்ததால், 1940இல் சாண்ட்பர்க்குக்குச் சரித்திரப் பிரிவில் பரிசு கொடுத்தார்கள். சரித்திர ஆசிரியர்கள் சிலரோ அவரைக் கவிஞர் என்று ஒதுக்கினார்கள், பின்னாளில் விமர்சகர் எட்மண்ட் வில்ஸன் இரக்கமில்லாமல் தாக்கினார். 1954இல் ஆறு பாகங்களையும் ஒரே பாகமாகச் சுருக்கியபோது, ஆன் ரட்லெட்ஜ் பகுதியைச் சாண்ட்பர்க்கே வெகுவாகக் குறைத்துக்கொண்டார். 1959 பிப்ரவரி 12ஆம் தேதி, லிங்கனின் 150ஆவது பிறந்த நாளில், அமெரிக்கக் காங்கிரஸின் இரு சபைகளும் கூடிய கூட்டத்தில் அவர் உரையாற்றிய பெருமையோடு திரையை இறக்குவது நாடகாசிரியருக்குச் சௌகரியமான வழி, கைதட்டல் உத்தரவாதம். என்னைக் கேட்டால் 1959ஐ வெட்டிவிடுவேன். அறுபதைத் தாண்டிய நடிகர் ஒருவர், 1954இல் அந்தப் பழைய பக்கங்களைப் பென்சிலோடு புரட்டிக்கொண்டிருக்கும் இருபது நிமிஷத்துக்குத் தம் மூச்சைச் சேமித்துவைத்துக்கொண்டால், அந்த உரை இல்லாததைச் சபை கவனிக்கப்போவதில்லை.