கடைவீடுகள்: காத்ததும் கைவிட்டதும்

சிங்கப்பூரின் போட் கீயில், ஆற்றுக்கு எதிர்க்கரையில் நின்று பார்த்தால் முன்வரிசையில், கீழே கடையும் மேலே வீடுமான இரண்டு மூன்று மாடிக் கடைவீடுகள், ஓட்டுக்கூரையோடு. அவற்றின் முதுகுக்குப் பின்னால் 280 மீட்டர் வரை எழும்பிய வங்கிக் கோபுரங்கள். சென்னையிலிருந்து போகிறவர்கள் இதைப் படம் எடுத்துக்கொண்டு, 'நம்மூரில் ஏன் இப்படி இல்லை' என்று பெருமூச்சு விடுகிறார்கள். அதற்கு முன் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். அங்கே காக்கப்பட்டது எது? அதற்கான விலையைக் கொடுத்தது யார்?

இந்தக் கடைவீடுகள் தப்பியதே பெரிய காரியம். 1960களிலும் 70களிலும் நகரின் நடுப்பகுதியை இடித்துத் தள்ளுவதுதான் அரசின் கொள்கை. 1966இன் நில எடுப்புச் சட்டம் அதற்கு வழிவிட்டது. இடம்பெயர்ந்தவர்களை அடுக்குமாடி வீடுகள் ஏற்றுக்கொண்டன. 1984இல் சுற்றுலாப் பணிக்குழு ஒன்று, பழைய தெருக்களோடு நகரின் கவர்ச்சியும் போய்க்கொண்டிருக்கிறது என்று எச்சரித்தது. 1986இல் பாதுகாப்புத் திட்டம் வந்தது. 1989 ஜூலையில் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் உள்ளிட்ட பத்துப் பகுதிகளில் 3,200க்கும் மேற்பட்ட கட்டடங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. இன்று அந்த எண்ணிக்கை 7,200ஐத் தாண்டிவிட்டது.

மனமாற்றம் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. கடலைத் தூர்த்து மரீனா பகுதியில் புதுநிலம் உண்டாக்கியிருந்தார்கள். கோபுரங்களுக்கு வேறு இடம் கிடைத்ததால்தான் கடைவீடுகள்மேல் விழுந்த நெருக்கடி தளர்ந்தது. மாற்று நிலம் தேடாமல் 'பழைய வீட்டை இடிக்காதே' என்று உத்தரவு மட்டும் போடும் நகரங்கள் இந்தப் பாதியைக் கவனிப்பதில்லை.

அடுத்து, காத்த விதம். 'முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே குடைந்துவிட்டார்கள்' என்பது அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. வரலாற்றுப் பகுதிகளைப் பொறுத்தவரை இது நியாயமில்லை. அங்கே விதி முழுக் கட்டடத்துக்கும் பொருந்தும். இரு வீட்டுக்கும் பொதுவான பக்கச்சுவர், அதில் செருகிய மர உத்தரங்கள், வெளிச்சமும் காற்றும் இறங்கும் நடுமுற்றம், மரப்படிக்கட்டு, சன்னல் கதவுகள், வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதை எல்லாமே இருந்தபடி நிற்க வேண்டும். முடிந்தவரை பழையதை வைத்திரு, முடியாததைப் பழுது பார், அதற்கும் பிறகே மாற்று என்பதுதான் வரிசை. ஜூ சியாட், கேலாங் போன்ற இடங்களில் பின்புறம் உயர்த்திக் கட்டிக்கொள்ள இடம் உண்டு. அங்கே அந்தக் குற்றச்சாட்டு ஓரளவு ஒட்டும். பழுதுபார்க்கும் உரிமையாளருக்கு மேம்பாட்டுக் கட்டணத்திலும் வாகன நிறுத்துமிடப் பற்றாக்குறைக் கட்டணத்திலும் விலக்கு கொடுத்ததும் புத்திசாலித்தனம். சட்டம் மிரட்டியது, சலுகை இழுத்தது.

சிக்கல் சுவருக்குள் வாழ்ந்தவர்களைப் பற்றியது. 1947 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை உறைய வைத்திருந்தது. வருமானம் இல்லாததால் உரிமையாளர் ஓடுகூட மாற்றவில்லை. வாடகைக்காரரோ அறையைத் தடுப்பு வைத்துப் பிரித்து உள்வாடகைக்கு விட்டார். வீட்டைச் சிதைத்ததும் ஏழையை நடுநகரில் நிறுத்தி வைத்ததும் ஒரே சட்டம்தான். 1988 முதல் அதைப் படிப்படியாகத் தளர்த்தி, 2001இல் ஒழித்தார்கள். கூரைக்குப் புது ஓடு வந்தது, அதன்கீழ் இருந்தவர்கள் போனார்கள்.

'அந்த வாழ்க்கையா போற்றத்தக்கது?' என்ற எதிர்க்கேள்வி வலுவானது. சைனாடவுனின் அப்பர் நான்கின் தெருவில் 1950களில் சமூகவியலாளர் பாரிங்டன் கே நடத்திய ஆய்வைப் பார்த்தால் ஏக்கம் கலைந்துவிடும். சன்னலே இல்லாத தடுப்பறையில் ஒரு குடும்பம். பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஓர் அடுக்களை, ஒரு கழிப்பிடம். அதிலிருந்து தண்ணீரும் மின்சாரமும் உள்ள சொந்த வீட்டுக்குப் போனவர்களிடம் நாம் பழம்பெருமை பேச முடியாது. ஆனால் நெரிசலைக் குறைப்பது வேறு, குடியிருப்பையே காலி செய்வது வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருந்தது, அதைத் தேடவில்லை.

காலியான இடத்தைப் பணம் நிரப்பியது. 2023 முதல் குடியிருப்புச் சொத்து வாங்கும் வெளிநாட்டவர் 60 விழுக்காடு கூடுதல் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வணிகப் பயன்பாட்டுக்கான கடைவீட்டுக்கு அந்தத் தீர்வை கிடையாது. அதனால் கடைவீடு முதலீட்டுச் சரக்காகிவிட்டது. லிட்டில் இந்தியாவின் மையத்தில் இன்னின்ன தொழில் தரைத்தளத்தில் கூடாது என்று விதி இருக்கிறது. பலசரக்குக் கடைக்காரர் ஏறிய வாடகையை எப்படித் தாக்குப்பிடிப்பார் என்பதற்கு விதி இல்லை. 1947இல் தொடங்கிய கோமள விலாஸ் உணவகம் போல சிராங்கூன் சாலையில் நிலைத்தவர்கள் உண்டு. ஆனால் கெர்போ சாலையில் 1900இல் கட்டிய டான் டெங் நியா வீட்டைப் பாருங்கள். மிட்டாய் ஆலைகள் நடத்திய சீன வணிகர் அவர்; அந்தப் பகுதியில் எஞ்சிய கடைசிச் சீன மாளிகை அது. ஆலைகள் போய்விட்டன. இன்று வருகிறவர்களுக்கு அது பல வண்ணம் பூசிய சன்னல்கள்முன் படம் எடுத்துக்கொள்ளும் இடம்.

இது சிங்கப்பூருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாடு 2000 ஜனவரி முதல் நாளில் ஒரே வீச்சில் நீங்கியது. தலைமுறைகளாக இருந்த பலர் வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம் பிடித்த நகரம், தன் குடிகளை அதற்கு முன்பே இழக்கத் தொடங்கியிருந்தது. அதோடு ஒப்பிட்டால் சிங்கப்பூரின் படிப்படியான தளர்வும் மாற்று வீடும் மேலானவை.

ஆகவே, கட்டடங்களைக் காப்பதில் சிங்கப்பூர் வென்றது. ஆசியப் பெருநகரங்கள் அதன் விதிகளை வரிக்கு வரி படிக்கலாம். தெருக்களைக் காப்பதில் தோற்றது. அந்தத் தோல்வி தவிர்க்கக்கூடியது. மேல்மாடியைக் குடியிருப்புக்கு ஒதுக்கியிருந்தால், அரசு தன் கையிலுள்ள கடைவீடுகளிலாவது பழைய தொழில்களுக்கு வாடகையை அடக்கி வைத்திருந்தால், இழப்பு பாதியாகக் குறைந்திருக்கும். உத்தரம் எந்த மரம் என்று கேட்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, அதன்கீழ் யார் இருக்கப்போகிறார் என்று கேட்பது கடினமான வேலை அல்ல. சென்னை பின்பற்றுவதானால் முதல் கேள்வியோடு இரண்டாவதையும் சேர்த்தே சட்டத்தில் எழுத வேண்டும்.