கொட்டேஷனில் தெரியும் கைவண்ணம்

ரைசன் 5 7600 பிராசஸர். பி650 மதர்போர்டு. டிடிஆர்5-6000 சிஎல்30 ரேம், 16 ஜிபி இரண்டு. ரேடியான் ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு. 1 டிபி என்விஎம்இ. 750 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ். வலை முகப்பு கேபினெட்.

2023-இன் கடைசி மாதங்களில், பார்ட்ஸ் வாங்கித் தானே கணினி அசெம்பிள் செய்யும் ஒருவரிடம் இந்த ஏழு வரிகளை நீட்டியிருந்தால் அவர் முகம் மலர்ந்திருக்கும். எழுதியவர் விவரம் தெரிந்தவர் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அமெரிக்கச் சந்தையில் அப்போது இத்தனையும் சேர்ந்து 1,200 டாலரை ஒட்டித்தான் வந்தன. ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுக்கு மட்டும் என்விடியா அறிவித்திருந்த விலை 1,599 டாலர். அந்த ஒரு கார்டின் விலைக்குள் முழுக் கணினியும் அடங்கி, மானிட்டருக்கும் பணம் மிஞ்சுகிறது. அதில் பெரும்பாலான புதிய கேம்களை 1440பி திரையில் உயர்ந்த செட்டிங்கில் விளையாடலாம்.

எந்தப் பொருளிலும் ஒரு கட்டம் வரை விலைக்கேற்ற வேகம் கிடைக்கும். அதைத் தாண்டினால் விலை மட்டும் ஏறும். அந்த வளைவு எங்கே இருக்கிறது என்று ஏழு பொருளிலும் கண்டுபிடித்து அங்கேயே நிற்பதுதான் இந்தக் கலை. பட்ஜெட் வரம்பு இல்லாதவருக்கு இந்தத் திறமை தேவைப்படுவதே இல்லை.

பட்டியலில் இல்லாத மானிட்டரிலிருந்துதான் கணக்கே தொடங்குகிறது. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்ஸல்கள், 1440பி-யில் 36.9 லட்சம், 4கே-யில் 82.9 லட்சம். ஒவ்வொரு ஃப்ரேமிலும் கிராபிக்ஸ் கார்டு நிரப்ப வேண்டிய பரப்பு இது. 1440பி-யிலிருந்து 4கே-க்குப் போனால் வேலை இரு மடங்குக்கும் மேல் கூடுகிறது. மேசையில் இரண்டடி தள்ளி உட்கார்ந்து 27 அங்குலத் திரையைப் பார்க்கும் கண்ணுக்கு, அழகு அதே அளவில் கூடுவதில்லை. அதனால்தான் அனுபவசாலிகள் 27 அங்குலம், 1440பி, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்குச் சற்று மேல் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு கார்டைத் தேடுகிறார்கள். இந்தத் திரைக்கு 16 ஜிபி நினைவகத்தோடு 499 டாலரில் வந்த 7800 எக்ஸ்டி நன்றாகப் பொருந்தியது. சைபர்பங்க் 2077 போன்ற கேமில் ரே டிரேசிங் ஒளியை ரசிப்பதுதான் ஒருவருடைய ஆசை என்றால், 599 டாலர் ஆர்டிஎக்ஸ் 4070-க்குப் போவதிலும் நியாயம் உண்டு. அதில் நினைவகம் 12 ஜிபிதான். இரண்டுமே தெளிந்த தேர்வுகள். 8 ஜிபி கார்டுகள் மட்டும் அந்த ஆண்டிலேயே மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டன.

பிராசஸரில்தான் பலருக்கும் கை தடுமாறும். 7600-இன் அறிவிப்பு விலை 229 டாலர். கேமுக்கென்றே செய்ததுபோல் 96 எம்பி எல்3 கேஷோடு வந்த ரைசன் 7 7800எக்ஸ்3டி-யின் விலை 449. இரண்டாவதுதான் வேகமானது; அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மொத்தச் செலவு மாறக்கூடாது என்றால், கூடுதலான 220 டாலரைக் கார்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். 499-இல் 220 போனால் மிஞ்சுவது 279. அந்தத் தொகைக்கு அன்று கிடைத்தது 8 ஜிபி ஆர்எக்ஸ் 7600. அதாவது, பிராசஸர் அடுத்த ஃப்ரேமுக்கான வேலையை முடித்துவிட்டுக் காத்திருக்கும். வரைய வேண்டிய கார்டு திணறும். 1440பி-யில் உயர் செட்டிங்கில் விளையாடுபவருக்கு இது நஷ்ட வியாபாரம்.

அதற்காகப் பிராசஸரை ஒரேயடியாகக் குறைத்துவிடவும் கூடாது. ஏன் என்று புரிய 2011-க்குப் போக வேண்டும். டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாஸன், ஒரு நொடிக்குள் என்ன நடக்கிறது என்று அந்த ஆண்டு அளந்து காட்டினார். அதுவரை எல்லாரும் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற சராசரியைத்தான் பார்த்தார்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லி விநாடி. ஆனால் ஐம்பத்தொன்பது ஃப்ரேம் விரைந்து வந்து, ஒன்று மட்டும் 100 மில்லி விநாடி தாமதித்தாலும் சராசரி 60 என்றே காட்டக்கூடும். எண்ணில் தெரியாத அந்தத் தடுக்கலைக் கண் உடனே பிடித்துவிடும். வாஸன் ஒவ்வொரு ஃப்ரேமின் நேரத்தையும் தனித்தனியே எடுத்து வைத்தார். அதன் பிறகு கார்டு, பிராசஸர் விமர்சனம் எழுதும் முறையே மாறிப்போனது. இத்தகைய தடுக்கலுக்கு மெதுவான பிராசஸரும் மெதுவான ரேமும் காரணமாகலாம். 7600-இன் ஆறு கோர்கள் அந்த எல்லையை வசதியாகத் தாண்டியவை. அதனால்தான் அது சரியான நிறுத்தம்.

இந்தக் கலைக்குப் பெருமைமிக்க வரலாறும் உண்டு. 1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ-வை இன்றும் பேசி மகிழ்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன் வந்த செலரானில் எல்2 கேஷே கிடையாது; கேலிப் பொருளாகவே இருந்தது. 300ஏ-வில் 128 கேபி கேஷை அதே சிலிக்கானில் வைத்தார்கள். சிப்பின் முழு வேகத்திலேயே அது ஓடியது. அப்போதைய உச்சமான பென்டியம் II 450-இல் 512 கேபி கேஷ், ஆனால் தனிச் சிப்புகளில், பாதி வேகத்தில். 300ஏ-வின் பெருக்கல் எண் 4.5. பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு ஏற்றினால் அப்படியே 450. ஏபிட் பிஹெச்6 போன்ற மதர்போர்டில் ஜம்பரைத் தொடாமல் பயாஸ் திரையிலேயே அதைச் செய்ய முடிந்தது. பெரும்பாலான சிப்புகள் முகம் சுளிக்காமல் அந்த வேகத்தில் ஓடின. 149 டாலர் சிப், 669 டாலர் சிப்போடு கேமில் தோளோடு தோள் நின்றது. விலைப்பட்டியலை மட்டும் பார்த்தவர்களுக்கு இது கண்ணில் படவில்லை. கேஷ் எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது என்று படித்தவர்களுக்குப் பட்டது.

2007 அக்டோபரில் வந்த ஜீஃபோர்ஸ் 8800 ஜிடி-யும் அந்த வம்சம்தான். முந்தைய ஆண்டில் 599 டாலருக்கு வந்த 8800 ஜிடிஎக்ஸ்-இன் வேகத்தை 250 டாலருக்குள் நெருங்கிய கார்டு அது. சரியாக அடுத்த மாதமே கிரைசிஸ் கேம் வந்து உலகத்துக் கணினிகளையெல்லாம் மண்டியிட வைத்தது. அந்த மாதத்தில் 8800 ஜிடி கையில் கிடைத்தவர்களின் மகிழ்ச்சியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

திரும்பவும் நம் பட்டியல். ரேம் வரியில் 6000, சிஎல்30 என்ற இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சிஎல்30 என்றால் 30 கடிகாரச் சுற்றுகள். 6000 ரேமின் கடிகாரம் 3000 மெகாஹெர்ட்ஸ். ஆக 10 நானோ விநாடி. அதே 6000-இல் சிஎல்40 என்றால் 13.3. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண் ஒன்றே. உள்ளே இருக்கும் பொருள் வேறு. இரண்டு குச்சி என்பதும் யோசித்து எழுதியது. ஒரே குச்சி என்றால் பாதிப் பாதை அடைபடும். நான்கு போட்டாலோ இந்தப் போர்டின் ஏஎம்5 சாக்கெட்டில் ரேம் வேகத்துக்கு ஏஎம்டி தரும் அதிகாரபூர்வ உத்தரவாதம் 3600-க்கு இறங்கிவிடும். எல்லாம் வாங்கி மாட்டிவிட்டு, பயாஸில் எக்ஸ்போ என்ற ஒரு வரியை ஆன் செய்யாமல் விட்டால் 6000 ரேம் 4800-இலேயே வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். காசு கொடுத்து வாங்கிய வேகம் தூங்குவதைவிடச் சோகம் உண்டா?

என்விஎம்இ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்காம் தலைமுறை நல்ல டிரைவ் போதும். ஐந்தாம் தலைமுறைக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை கேம்களின் லோடிங் நேரத்தில் தேடினாலும் கிடைக்காது. மதர்போர்டும் அப்படியே. பி650-இல் இல்லாத எதுவும் எக்ஸ்670இ-யில் கேமுக்காக இல்லை.

எஸ்எம்பிஎஸ் வேறு கதை. ஒரு பட்டியலின் யோக்கியதையை அளக்க ரசிகர்கள் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான். 7800 எக்ஸ்டி 263 வாட், 7600 அதிகபட்சம் 88 வாட், மற்றவை ஓர் ஐம்பது, அறுபது. கூட்டினால் 410-ஐ நெருங்கும். பிறகு எதற்கு 750? இன்றைய கார்டுகள் நொடியின் நுண்ணிய பகுதிக்குள் தங்கள் சராசரியை வெகுவாகத் தாண்டித் துள்ளும். அதைத் தாங்கத்தான் 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, 100 மைக்ரோ விநாடிக்கு இரு மடங்கு சுமை வந்தாலும் எஸ்எம்பிஎஸ் அணைந்துவிடக் கூடாது என்றது. கோல்டு முத்திரை வேறு விஷயம்: பாதிச் சுமையில் 90 சதவீதத்துக்குக் குறையாத மின் திறன் என்பதற்கு மட்டும்தான் அது சான்று. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் தரம், பாதுகாப்புச் சுற்றின் தரம் பற்றி அது எதுவும் சொல்லாது. அவற்றைத் தனியாகப் பிரித்துப் பார்த்து எழுதும் விமர்சனங்களைத்தான் படிக்க வேண்டும். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்-ஐ ஒரு லட்ச ரூபாய்க் கணினியில் மாட்டுவதை எந்தக் காரணத்தாலும் ஏற்க முடியாது.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கேமிங் கணினி என்று கேட்டால் சில கடைகளில் எழுதித் தரும் கொட்டேஷன் இதற்கு நேர் எதிராக இருப்பதுண்டு. பெரிய ஐ7, சின்ன கார்டு, 16 ஜிபி ஒரே குச்சி, பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ், கேபினெட் நிறைய வண்ண விளக்கு. அதே தெருவில் ஒவ்வொரு பொருளுக்கும் மாடல் எண்ணோடு கேட்பவருக்குப் பதமான பட்டியலும் கிடைக்கும். 18 சதவீத ஜிஎஸ்டி-யும் இறக்குமதியாளரின் லாபமும் சேர்ந்து இங்கே விலை வரிசையே மாறிவிடுவதால், அமெரிக்கப் பட்டியலை அப்படியே பிரதி எடுக்கவும் முடியாது.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கூலர் சூட்டை அறையின் காற்றுக்குத்தான் தள்ள முடியும். வெளிநாட்டு விமர்சகர் 22 டிகிரி அறையில் அளந்த சிப், மே மாதத்துச் சென்னையில் 35 டிகிரி அறையில் ஏறக்குறைய 13 டிகிரி கூடுதல் சூட்டில் நிற்கும். வலை முகப்பு கேபினெட் இங்கே அலங்காரத் தேர்வே அல்ல. 7600-இன் பெட்டியிலேயே ஒரு சின்ன கூலர் வருகிறது. அது போதும், ஆனால் இரையும். தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ என்ற இரட்டைக் கோபுரக் கூலர் சுமார் 35 டாலருக்கு வந்தபோது, 100 டாலர் நாக்டுவா என்ஹெச்-டி15-க்குச் சில டிகிரி தூரத்தில் வந்து நின்றது. ஆறு ஹீட்பைப், இரண்டு 120 மில்லிமீட்டர் விசிறி. 300ஏ-வின் மரபு பிராசஸரோடு நின்றுவிடவில்லை என்பதற்கு இது போன்ற பொருள்களே சாட்சி.

மதர்போர்டின் சாக்கெட்டில் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 2017-இல் எக்ஸ்370 போர்டும் ரைசன் 5 1600-உம் வாங்கியவர், 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி-யை அதே போர்டில் பயாஸ் அப்டேட் மட்டும் செய்து மாட்டிக்கொள்ள முடிந்தது. அதே 2017 ஜனவரியில் இன்டெல் இசட்270 போர்டு வாங்கியவர் அக்டோபரிலேயே அடைபட்டார். சாக்கெட்டின் பெயர் அதேதான், எட்டாம் தலைமுறைச் சிப் மட்டும் அதில் ஓடவில்லை. பி650-ஐத் தேர்ந்தவருக்கு 2024 நவம்பரில் 9800எக்ஸ்3டி வந்தது, 479 டாலரில். கார்டை மாற்றியபின் பிராசஸர் பின்தங்கத் தொடங்கும் நாளில் அதை அதே போர்டில் இறக்கிக்கொள்ளலாம். அது 120 வாட் சிப் என்பதால் பெட்டியோடு வந்த சின்ன கூலர் அங்கே தாங்காது. அந்த 35 டாலர் செலவை அன்றைக்குச் செய்துவிட வேண்டும்.