‘நான்’ என்று பாடும் குற்றவாளி

சூளகிரியில் பேருந்துக்குக் காத்து நிற்போர் காதில் நான்கு மொழிகள் விழும்: தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது. அண்மைக் காலத்தில் ஐந்தாவது ஒன்றும் சேர்ந்துகொண்டது. ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்களின் கைப்பேசிகளில் ஒலிக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தாரின் ‘ராப்’ பாட்டு அது. அதிலும் ‘கேங்ஸ்டா ராப்’ எனும் அடியாள் பாட்டுக்கே மவுசு அதிகம். வசையும், துப்பாக்கியும், பெண்களைப் பற்றிய இழிசொல்லும் நிறைந்த அப்பாட்டைக் கேட்டுப் பெற்றோர் முகம் சுளிக்கின்றனர். சுளிப்பது நியாயமே. எனினும், பழிக்குமுன் அது பிறந்த விதத்தை அறிய வேண்டாமா?

குற்றக் கதையைத் தெருவில் பாடுவது தமிழர்க்குப் புதிதன்று. சந்தைக் கூட்டத்தில் கொலைச்சிந்து பாடி, மலிவுத் தாளில் அச்சிட்ட அதே பாட்டைச் சில காசுகளுக்கு விற்றுச் சென்ற பாடகர்களை முதியோர் மறந்திரார். ஆனால் சிந்து பாடியவர் கொலைகாரர் அல்லர், நடந்ததைச் சொல்பவர். அமெரிக்கப் பாட்டிலோ குற்றவாளியே ‘நான்’ என்று பாடுகிறான். சிக்கல் முழுவதும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இந்த ‘நான்’ என்னும் குரலுக்கு இசைத்தட்டில் முன்னோடியாய் விளங்கியவர்களுள் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவிய கவிஞர் என்பது நம்மவர்க்கு வியப்பூட்டும். ‘லாஸ்ட் போயட்ஸ்’ குழுவைச் சேர்ந்த ஜலாலுத்தீன் மன்சூர் நூருத்தீனே அவர். 1973-இல், ‘லைட்னின் ராட்’ என்ற புனைபெயரில், ‘ஹஸ்லர்ஸ் கன்வென்ஷன்’ என்னும் இசைத்தட்டை அவர் வெளியிட்டார். சிறைக்கூடங்களிலும் தெருமுனைகளிலும் கறுப்பின மக்கள் சொல்லிவந்த நெடுங்கதைப் பாட்டின் வடிவம் அது. சூதாடி ஒருவன் தன் வீரப்பிரதாபங்களைத் தானே அளக்கிறான். கேட்பவர் மயங்கத்தான் செய்வர். முடிவிலோ தூக்குத் தண்டனைக் கைதியாய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தவனுக்கு ஓர் உண்மை விளங்குகிறது: தான் வெறும் சில்லறைத் திருடன், கோடிகளைச் சுருட்டுவோர் வேறிடத்தில் கௌரவமாக வீற்றிருக்கின்றனர். ஆக, அங்கே ‘நான்’ கணக்குக் கேட்கப்பட்டது.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், கலிபோர்னியாவின் காம்ப்டன் நகரில் அதே ‘நான்’ மீண்டும் எழுந்தது. எரிக் ரைட் என்ற இளைஞர் 1987-இல் ‘ரூத்லெஸ்’ என்னும் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். போதைப்பொருள் விற்ற பணமே முதல் என்று சொல்லப்படுவதுண்டு. அது எத்தகைய முதல் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்களின் தயவை எதிர்பாராமல், தாள இயந்திரத்தையும் பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளையும் கொண்டு, சில வாரங்களிலேயே ‘என்.டபிள்யூ.ஏ.’ குழுவின் ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ தொகுப்பைப் பதிவுசெய்து முடித்தனர். வானொலி நிலையங்கள் பலவும் ஒதுக்கின. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

திருமறையின் 26-ஆம் அத்தியாயமான ‘அஷ்ஷுஅரா’வின் இறுதி வசனங்களே நமக்கு இங்கு உரைகல். தாம் செய்யாததைச் சொல்லித் திரியும் கவிஞர்களை அவை கண்டிக்கின்றன. இக்குழுவின் பாடல்கள் பலவற்றை எழுதிய ஐஸ் கியூப், அந்நாட்களில் அரிசோனாவில் கட்டட வரைகலை பயின்றுகொண்டிருந்தார்! சுட்டேன், வீழ்த்தினேன் என்று பாடிய பேனா, வகுப்பறையில் வரைபடம் தீட்டிய பேனா. செய்த பாவத்தைப் பறைசாற்றுவதைப் பெருமானார் (ஸல்) கண்டித்துள்ளனர். செய்யாத பாவத்தையும் சொந்தம் கொண்டாடி விற்பவனை என்னென்பது?

ஆயின், அவ்வசனங்களில் ஒரு விதிவிலக்கும் உண்டு. ஈமான் கொண்டு, நற்செயல் புரிந்து, இறைவனை அதிகம் நினைந்து, அநீதி இழைக்கப்பட்டபின் தம்மைக் காத்துக்கொண்ட கவிஞர்களை அவை ஒதுக்கவில்லை. காவலர்களின் கொடுமையைச் சாடிய இக்குழுவின் பாட்டொன்றுக்காக, 1989-இல் அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறை அலுவலர் ஒருவர் விநியோக நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். 1991-இல் ராட்னி கிங் என்பவரைக் காவலர்கள் அடித்து நொறுக்கிய காட்சியை உலகமே கண்டது. நற்செயலையும் இறைநினைவையும் அப்பாட்டில் தேடிப் பயனில்லை. அநீதியைக் கண்டு எழுந்த குரல் என்பதை மட்டும் மறுக்கவியலாது. மற்றவற்றுக்கு, குறிப்பாகப் பெண்களை இழித்த வரிகளுக்கு, அச்சலுகை சிறிதும் கிடையாது.

சொந்த நிறுவனம் என்றால் சுதந்திரம் என்று கருதுவோர், அடுத்து நிகழ்ந்ததையும் அறிதல் வேண்டும். தமக்குரிய பணம் வந்துசேரவில்லை என்று சொல்லி ஐஸ் கியூப் 1989-இன் இறுதியில் விலகினார். பெரிய நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்கு அஞ்சி ஓடியவர்கள், சிறிய நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் அகப்பட்டுக்கொண்டனர். (சொந்தச் செலவில் நூல் அச்சிட்ட நம் புலவர்கள் பலருக்கும் இந்த வேதனை புரியும்.)

தமிழில் இவ்வடிவம் வேறு வழியும் கண்டது. மலேசியாவில் யோகி பி, நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ 2006-இல் வந்தது. அரக்கோணத்து அறிவும் இசையமைப்பாளர் ஒஃப்ரோவும் 2019-இல் ‘தெருக்குரல்’ தந்தனர். அறிவின் பாட்டில் ‘நான்’ பெரும்பாலும் ‘நாங்கள்’ என ஒலிக்கிறது. அடியாளின் மார்தட்டலைவிட ஒடுக்கப்பட்டோர் வழக்குரைக்கும் தொனியே அதில் மிகுதி.

ஜலாலுத்தீன் 2018 ஜூன் 4-ஆம் நாள் மறைந்தார். அவருடைய இசைத்தட்டு இன்று கைப்பேசியிலும் கிடைக்கிறது. சூளகிரியில் நாம் விசாரித்த இளைஞர்களுள் ஒருவரும் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.