திரைச்சீலைக்கு அடங்காத பேஸ்

தங்காக் துணிக்கடைகளின் ஊர். பெருநாள் காலத்தில் வெளியூர்க்காரர்கள் வந்து திரைச்சீலை அள்ளிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்ட ஊரில் சொல்லக்கூடாததுதான், ஆனாலும் சொல்கிறேன்: கூடத்தில் எத்தனை தடிமனான சீலையைத் தொங்கவிட்டாலும் சப்வூஃபரின் குமுறல் அடங்காது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 28 அடி. கைதட்டினால் எழும் எதிரொலியைத்தான் துணி குடிக்கும். ஆகவே சப்வூஃபர் பெட்டியை வாங்கும்போதே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

கடையில் கார் வெடிக்கும் சினிமாக் காட்சியைப் போட்டுக்காட்டுவார்கள். அதில் எந்தப் பெட்டியும் தேறிவிடும். நீங்கள் ‘நிழல்கள்’ (1980) படத்தின் ‘மடை திறந்து’ பாட்டையும், நம்மூர் யோகி பி & நட்சத்ரா 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பில் தந்த அதன் ராப் வடிவத்தையும் கைப்பேசியில் கொண்டுபோங்கள். ராப்பில், அடி விழுந்த கையோடு ஒலி நிற்கிறதா, இழுத்துக்கொண்டே போகிறதா என்று கவனியுங்கள். இளையராஜாவின் மூலப் பாட்டுக்கு வந்தால் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். அவருடைய பேஸ் தாளத்துக்கு முட்டுக்கொடுப்பதோடு நிற்பதில்லை, தனக்கென்று ஒரு மெட்டோடு நடக்கும். அந்த மெட்டை உங்களால் முணுமுணுக்க முடிந்தால் அது நல்ல பெட்டி. எல்லாச் சுரமும் ஒரே ‘தும்’மாக வந்தால், சுவரே அதிர்ந்தாலும் வேண்டாம். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடித்தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். பாட்டுக் கேட்பவருக்கு அதுவரை தெளிவாக இறங்கினால் போதும். 20 ஹெர்ட்ஸுக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

அதே பாட்டில் எஸ்.பி.பி.யின் குரல் தொண்டை கட்டியதுபோல் கேட்டால் குற்றம், சப்வூஃபருக்கும் மற்ற ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரிக்கும் க்ராஸ்ஓவரில் இருக்கலாம். திருகை 80 ஹெர்ட்ஸ் பக்கம் இறக்கிப் பாருங்கள். சரியாக அமைந்த சப்வூஃபர் எந்த மூலையில் இருக்கிறதென்றே தெரியாது. அணைத்தால்தான் பாட்டு மெலிந்துபோனது உறைக்கும்.

அட்டையில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருந்தால் சிரித்துவிட்டு, பெட்டி தொடர்ந்து தாங்கும் ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று கேளுங்கள். கையில் சில நூறு வெள்ளிதான் என்றால், லேசான 12 அங்குலப் பெட்டியைவிடக் கனமான 8 அங்குலம் மேல் என்பது என் கட்சி. பக்கவாட்டுப் பலகையை விரல்முட்டியால் தட்டுங்கள். காலி டின் மாதிரி ஒலித்தால் நகர்ந்துவிடுங்கள். துளை வைத்த பெட்டி சத்தம் கூடுதலாகத் தரும், மலிவானதில் காற்று புஸ்ஸென்று சீறவும் செய்யும். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் சப்வூஃபருக்கென்று தனி இணைப்பு இல்லையென்றால், ஸ்பீக்கர் வயரையே செருகும் வசதி பெட்டியின் பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பெட்டி வாங்குபவர்கள் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை மெல்லத் தொட்டுப்பார்க்கட்டும். அது ஃபோமாக இருந்தால் நம் ஈரக்காற்றில் பொடிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை நீங்கள் உட்காரும் நாற்காலியில் வைத்து அதே பாட்டை ஓடவிடுங்கள். பிறகு குழந்தையைப்போல் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பேஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ, அங்கேதான் பெட்டிக்கு இடம். மூலையில் வைத்தால் சத்தம் பெருகும், தெளிவு குறையும். டெரஸ் வீடென்றால் பக்கத்து வீட்டோடு பங்குபோடும் சுவரை விட்டுத் தள்ளியே வையுங்கள். கடைசியாக ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றிப் பார்த்து, பேஸ் நிறைவாகக் கேட்கும் பக்கத்தில் விட்டுவிடுங்கள். ஒலியளவைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றி, பெட்டி தன் இருப்பைக் காட்டத் தொடங்கியதும் ஒரு துளி இறக்குங்கள்.