விலாவின் நிழலில் இருவர்

பங்குனி வெயிலில் புதுக்குடியிருப்பு வயலில் அரிவு வெட்டி ஓய்ந்தவர், கிணற்றுக்கட்டில் அமர்ந்து ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிக்கையில் தொண்டையில் எழும் களகளவென்ற ஓசையோடு நம் செவிக்கு எட்டுவது முடிந்துவிடுகிறது. அதற்கப்பால், விலாவெலும்புகளின் நிழலில், கைமுட்டியளவே பருமனுள்ள இரு சிறுநீரகங்கள் சப்தமின்றித் தம் தொழிலைத் தொடர்கின்றன. மயிரினும் மெல்லிய இரத்தக்குழாய்கள் நூற்பந்துபோல் சுருண்ட நுண்வடிகள் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம். அவற்றினூடே நாளொன்றுக்கு வடிவது சுமார் 180 லீற்றர். வடித்ததில் சர்க்கரையை முழுவதுமாகவும், உப்பையும் நீரையும் பெரும்பாலும் மீள அள்ளிக்கொண்டு, ஒன்றரை லீற்றரை மாத்திரம் கழிவோடு வெளியே விடுகின்ற அந்தச் சிக்கனமே என் மனத்தை மிகவும் கவர்வது. சுளகில் அரிசி புடைக்கும் மூதாட்டியின் விரல்களில்தான் அதற்கு நிகரான பொறுமையை நான் கண்டிருக்கிறேன்.

வியர்வை பெருகிய நாளில் மூளையிலிருந்து வரும் ஓமோனின் ஆக்ஞைக்கு இணங்கி நீரை இறுக்கிப் பிடித்துச் சிறுநீரைத் தேநீர் நிறமாக்குவதும், மாரிக்குளிரில் அதே நீரைத் தாராளமாய், தெளிவாய் விட்டுவிடுவதும் இவற்றின் இயல்பு. அந்த வயலுக்கு அருகிலுள்ள நந்திக்கடல் களப்பின் உப்பு மழையில் தணிந்து கோடையில் ஏறுகிறது. அதன் கரையில் வலை உதறும் மனிதரின் இரத்தத்து உப்போ, இரண்டு பருவத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது.